சோல்வெய்க்: ஒரு பெயரும் அதன்மீது ஏற்றப்பட்ட பாரமும்

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்கள் சங்க ஆராதனையில் நாம் பிரசங்கம் செய்ய நேர்ந்தது. அன்பின் பொறுமையை விளக்க வேண்டி, நார்வே நாட்டு நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சனின் 'பேர் கிந்த்' என்னும் நாடகத்தினின்று சோல்வெய்க் என்னும் பெண்ணின் கதையை எடுத்துரைத்தோம். தன்னைக் கைவிட்டுப் போனவனுக்காக வாழ்நாள் முழுதும் ஒரு மலைக்குடிசையில் காத்திருந்து, முதுமையில் திரும்பி வந்த அவனை மடியில் ஏந்தியவள் அவள். அவளுடைய பெயருக்குச் 'சூரிய வழி' என்பது பொருள் என்றும், ஆகவே அவள் நீதியின் சூரியனாம் கிறிஸ்துவண்டை வழிநடத்தும் அன்பிற்கு அடையாளம் என்றும் சொல்லி முடித்தோம். ஆராதனைக்குப் பின் வயது முதிர்ந்த ஒரு தாயார் அருகில் வந்து, "ஐயா, அத்தனை வருஷமும் அந்த அம்மாளுக்கு யார் சோறு போட்டாங்க?" என்று கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. நாடகத்தை முழுவதும் வாசிக்காமலே பிரசங்கித்தோம் என்பதை இன்று ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல். எனினும் முதலில் பெயரை ஆராய்வோம்; பிழை அங்கேதான் தொடங்கிற்று.

சோல்வெய்க் என்பது பழநார்ஸ் மொழிப் பெயர். இன்றைய நார்வேக்காரர் நாவில் இறுதி ஒலி மறைந்து ஏறக்குறைய 'சூல்வெய்' என ஒலிக்கும். இதன் முற்பகுதி 'சோல்', அதாவது சூரியன், என்பது ஒரு கருத்து. 'சல்ர்', அதாவது வீடு அல்லது கூடம், என்னும் சொல்லே ஒலி திரிந்து நிற்கிறது என்பது மற்றொரு கருத்து. பிற்பகுதியாகிய 'வெய்க்' பழஞ்செய்யுள்களில் வெறியூட்டும் பானத்தைக் குறிப்பதுண்டு. பெயர்களின் ஈற்றில் வருங்கால் வலிமை என்று அதற்குப் பொருள் கொள்வது வழக்கம். 'வழி' என்னும் பொருள் இவற்றில் எங்கும் இல்லை. இப்பெயருக்கு உடன்பிறப்பு போன்ற இன்னொரு பெயர் ரன்வெய்க். அதன் முற்பகுதியாகிய 'ரன்' வீட்டையே குறிக்கும். இந்த ஒப்புமையை நோக்குங்கால், சோல்வெய்க் என்பதற்கு 'இல்லத்தின் வலிமை' என்னும் பொருளே பொருத்தமுடையதென்று நாம் கருதுகிறோம். சூரியன் என்னும் கருத்தையும் முற்றிலும் தள்ளிவிட இயலாது.

இப்பெயர் இப்சன் புனைந்ததன்று. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தைக் குலைத்த குலப்பகைகளை உரைக்கும் ஸ்துர்லுங்கா சாகாவில் சோல்வெய்க் என்பவள் வருகிறாள். அவள் ஒத்தியைச் சேர்ந்த சேமுந்த்ர் யோன்சனின் மகள். ஸ்துர்லா சிக்வத்சன் என்னும் தலைவனின் மனைவி. 1238இல் ஓர்லிக்ஸ்தாதிர்ப் போரில் கணவன் கொல்லப்பட, அவள் விதவையானாள். ஆக, இப்பெயரைத் தரித்த பெண்கள் இப்சனுக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே வாழ்ந்தனர். அவர்கள் எல்லாரும் யாருக்காகவேனும் காத்திருந்தவர்கள் என்று எண்ண இடமில்லை.

பின் 'சூரிய வழி' எங்கிருந்து வந்தது? இன்றைய நார்வேஜிய மொழியில் 'சோல்' சூரியன், 'வெய்' வழி. டேனிஷ் மொழியில் இப்பெயரை எழுதும் முறையோ இந்த இரண்டு சொற்களையும் அப்படியே சேர்த்து எழுதினாற்போல் இருக்கும். பழஞ்சொல்லின் பொருள் மறைந்தபின், காதில் விழும் ஒலிக்கு ஏற்ற பொருளை மக்கள் தாமே வருவித்துக்கொள்வது எல்லா மொழிகளிலும் நிகழ்வது. இதனை மக்கள் வழக்குச் சொற்பிறப்பு என்பர்.

மொழியியல் இவ்வளவில் நம் பிரசங்கத்தைக் கவிழ்த்துவிட்டது. ஆனால் 'சூரிய வழி' தவறு, 'இல்லத்தின் வலிமை' சரி, ஆகவே சோல்வெய்க் இல்லத்தரசிக்கு அடையாளம் என்று இன்னொரு பிரசங்கத்தைத் தொடங்கினால், நாம் அதே குழியில் மறுபுறமாக விழுகிறோம். ஒரு சொல்லின் பொருளை அதன் வேரில் தேடாமல் அது வழங்கும் வாக்கியத்தில் தேடவேண்டும் என்பதை ஜேம்ஸ் பார் 1961இல் வெளியிட்ட வேதாகம மொழியின் சொற்பொருள் பற்றிய நூலில் வன்மையாக எடுத்துரைத்தார். 'எக்ளேசியா' என்றவுடன் 'வெளியே அழைக்கப்பட்டவர்கள்' என்று தொடங்கும் பிரசங்கங்களை நம் மாணவர்கள் நன்கறிவார்கள். எபேசு பட்டணத்தில் தெமேத்திரியுவின் கலகத்தில் கூடிய கூட்டத்துக்கும் லூக்கா அதே சொல்லைத்தான் வழங்குகிறார் (அப். 19:32) என்பதை அப்பிரசங்கங்கள் சொல்வதில்லை.

அதே வேளையில் திருமறையே மக்கள் வழக்குச் சொற்பிறப்பைத் தயக்கமின்றிக் கையாளுகிறது. மோசே என்னும் பெயருக்கு எபிரெய மொழியில் ஒரு விளக்கத்தைப் பார்வோனின் குமாரத்தி வாயில் வைக்கிறது யாத்திராகமம் (2:10). எகிப்திய அரசகுமாரி எபிரெயத்தில் பெயரிட்டிருப்பாளா என்று ஐயுற்ற அறிஞர், அப்பெயரில் 'பிறந்தவன்' என்னும் எகிப்தியச் சொல்லைக் காண்கின்றனர். ஆயினும் நீரினின்று எடுக்கப்பட்டவன் என்னும் விளக்கம் பயனற்றுப் போகவில்லை. செங்கடலை நோக்கிச் செல்லும் கதைக்கு அதுவே கண். நாபாலின் பெயரை அபிகாயில் விளக்குவதும் (1 சாமு. 25:25), நகோமி தன் பெயரை மறுப்பதும் (ரூத் 1:20) இவ்வகையினவே. ஆகையால் நாம் கேட்கவேண்டியது, பெயரின் வேர் யாது என்பதோடு நில்லாமல், கதை அப்பெயரைக்கொண்டு யாது செய்கிறது என்பதாகும்.

இந்நாடகம் அதைக்கொண்டு செய்வது வியப்பிற்குரியது.

முதல் அங்கத்தில் ஒரு திருமண வீட்டில் பேர் அவளைக் காண்கிறான். (பேர் என்பது பேதுருவின் நார்வே வடிவம், கற்பாறை என்று பொருள்படும் பெயரைக் கடைசியில் தன்னை வெங்காயத்துக்கு ஒப்பிட்டு உரித்துப் பார்க்கும் ஒருவனுக்கு இட்டது இப்சனின் குறும்பு. தமிழ்க் காதுக்கோ அவன் வெறும் 'பேர்' ஆகவே ஒலிக்கிறான். அதுவும் பொருந்தாமல் இல்லை.) அவள் தாயின் பாவாடையைப் பற்றிக்கொண்டு, துணியில் சுற்றிய ஞானப்பாட்டுப் புத்தகத்துடன் வருகிறாள். அவன் முதலில் வியப்பது அவளுடைய ஒளியை. திடப்படுத்தல் பெற்றுவிட்டாயா என்று வினவுகிறான். சென்ற ஆண்டு பெற்றதாக அவள் சொல்கிறாள். டென்மார்க்-நார்வே அரசு 1736இல் திடப்படுத்தலைக் கட்டாயமாக்கியிருந்தது. 1705இல் சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்கு அனுப்பியதும் அதே அரசும் அதே பக்திமார்க்க எழுச்சியுமே என்பதை நம் வாசகர்கள் நினைவுகூர்வார்கள். இருவரும் பெயர் சொல்லிக்கொள்கின்றனர். அவன் பெயரைக் கேட்டதும் அவள் ஏதோ காரணம் சொல்லி விலகிப்போகிறாள். அவள் பெயரில் அச்சத்திற்கு ஒன்றுமில்லை. அவன் பெயர் ஊரறிந்தது.

பெயர் உண்மையில் திறவுபடும் இடம் மூன்றாம் அங்கம். மணப்பெண்ணாகிய இங்ரிட்டைத் தூக்கிச் சென்று கைவிட்ட குற்றத்திற்காக ஊர்விலக்கம் செய்யப்பட்ட பேர், காட்டில் குடிசை கட்டுகிறான். தந்தை, தாய், தங்கை மூவரையும் விட்டுச் சோல்வெய்க் பனிச்சறுக்குக் கட்டைகளில் அவனைத் தேடி வருகிறாள். வழியில் எங்கே போகிறாய் என்று கேட்டவர்களிடம், வீட்டுக்குப் போகிறேன் என்று தான் சொன்னதாக அவனிடம் உரைக்கிறாள். அதுவரை அவள் கண்டிராத வீடு அது. உன் மனம் உறுதிதானா என்று அவன் கேட்க, தான் மிதித்து வந்த வழி திரும்பிச் செல்லாத வழி என்று மறுமொழி கூறுகிறாள். 'வழி' என்பதற்கு இப்சன் அங்கே எழுதும் சொல் 'வெய்'; அவர் அவளுடைய பெயரை எழுதும் எழுத்துக்களுக்குள்ளும் அச்சொல் நிற்கிறது. வேர் ஆராய்ச்சியாளர் ஒன்றைத் தள்ளி ஒன்றைத் தெரிந்தெடுக்கும் வீடும் வழியும் இக்காட்சியில் அவளுடைய வாயில் சேர்ந்தே வருகின்றன. இப்சன் அறிந்து செய்தாரா, கவிஞரின் காது செய்ததா என்பதை நாம் தீர்க்கத் தேவையில்லை.

அவள் உள்ளே போகிறாள். விறகு கொண்டுவரச் சென்ற பேர், மலைப்பூதங்களின் அரசனுக்கு மகளாகிய பச்சையாடைக்காரியையும் அவள் பெற்ற தன் பிள்ளையையும் எதிர்கொள்கிறான். நேராகப் போகாமல் சுற்றிப்போ என்று முன்னமே இருளில் கேட்ட குரல் அவன் நினைவில் எழுகிறது. மனந்திரும்புதலைக் குறித்து அவன் எண்ணாமலில்லை. அதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகுமோ என்று கணக்கிட்டு அஞ்சுகிறான். காத்திரு என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். அன்று முதல் வழி அவனுடையது. மொராக்கோ, எகிப்து, கெய்ரோவின் பைத்தியக்கார விடுதி, கடல், கப்பற்சேதம், கடைசியில் குறுக்குச் சந்திகள். அவளுக்கு வீடு மட்டும் மிஞ்சுகிறது. 'சூரிய வழி' என்று நாம் புகழ்ந்த பெண், நாடகம் முழுவதிலும் வழி நடந்தது ஒரே ஒரு முறைதான்.

ஐந்தாம் அங்கத்தின் இறுதிக் காட்சியே பிரசங்கிகள் விரும்பி எடுப்பது. பெந்தெகொஸ்தே திருநாள் காலை. பொத்தான் வார்ப்பவன் தன் அகப்பையுடன் பேரைத் தொடர்கிறான். நல்லவனாகவும் இராமல் பெரும் பாவியாகவும் இராமல் வாழ்ந்தவர்களை உருக்கி, மற்ற உலோகத்தோடு கலந்துவிடுவது அவன் தொழில். தான் தானாக வாழ்ந்ததற்கு, அல்லது பெரும்பாவம் செய்ததற்கேனும், சாட்சி தேடி அலைந்த பேர் கடைசியில் குடிசை வாசலில் விழுகிறான். சோல்வெய்க் கோயிலுக்குப் போகும் உடையில், அதே ஞானப்பாட்டுப் புத்தகத்துடன் நிற்கிறாள். கைகளால் தடவி அவனைத் தேடுகிறாள். என் பாவத்தைச் சொல் என்று அவன் கதறுகிறான். நீ ஒன்றும் தவறு செய்யவில்லை, என் வாழ்வைப் பாட்டாக்கினாய் என்கிறாள் அவள். கடவுள் எண்ணியபடியான பேர் இத்தனை காலம் எங்கே இருந்தான் என்று கேட்கிறான். தன் விசுவாசத்திலும் நம்பிக்கையிலும் அன்பிலும் இருந்ததாக அவள் விடை தருகிறாள்.

1 கொரி. 13:13 இங்கு ஒலிப்பதை எவரும் உணர்வர். லுத்தரின் போதனையில் வளர்ந்தவர்க்கு இன்னொன்றும் தோன்றும். நம்முடைய நீதி நமக்குள் இல்லை, நமக்குப் புறம்பே மற்றொருவரில் இருக்கிறது என்னும் சீர்திருத்தச் சபைகளின் அறிக்கைக்கு இதைவிட அழகான நாடக உருவம் அரிது. தன்னைத்தானே உரித்து உரித்து உட்கரு காணாதவன், தனக்கு வெளியே காக்கப்பட்டிருக்கிறான். இதுவரை நாமும் உடன்படுகிறோம்.

ஆனால் அந்த 'மற்றொருவர்' ஒரு பெண்ணாக இருக்கும்போது, ஆயராகப் பணியாற்றும் எவரும் சற்று நிற்கவேண்டும். மத்தியஸ்தர் ஒருவரே என்று அறிக்கையிடும் சபை (1 தீமோ. 2:5), கைவிடப்பட்ட மனைவியின் தோளில் அந்தப் பணியை வைத்து அதைச் சாட்சி என்று பாராட்டலாகுமா? இப்சனின் வாசகம் நம் பிரசங்கங்களைவிட எச்சரிக்கையுடையது. நீயே அந்தப் பிள்ளைக்குத் தாய் என்று பேர் சொல்லும்போது அவள் ஒத்துக்கொள்கிறாள். உடனே, தந்தை யார் என்று திருப்பிக் கேட்டு, தாயின் வேண்டுதலுக்கு இரங்கி மன்னிப்பவரைச் சுட்டுகிறாள். மன்னிப்பு அவளுடையது என்று அவள் சொல்லவில்லை. பேர்தான் அதைக் கேளாதவன் போல, அவளையே தாயென்றும் மனைவியென்றும் அழைத்து அவளுக்குள் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறான். வாழ்நாளெல்லாம் சுற்றிப்போனவனின் கடைசிச் சுற்று இதுவோ என்று ஐயுற இடமுண்டு.

நாடகத்தின் மெலிவான இடமாக நாம் கருதுவது வேறொன்று. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு மனிதன் தன் பாவத்தை வெளிப்படையாகச் சொல்லும்படி கேட்கிறான்; அதற்கு, பாவமே இல்லை என்னும் விடை கிடைக்கிறது. நாத்தான் தாவீதிடம் வந்து அவ்வாறு சொல்லியிருந்தால் (2 சாமு. 12), அரண்மனையில் அன்றிரவு அமைதி இருந்திருக்கும், வேறொன்றும் இருந்திராது. பாவ அறிக்கையைக் கேட்டு, அதைப் பாவமென்று ஏற்று, அதன்பின் மன்னிப்பை அறிவிப்பதே ஆயரின் கடமை. குற்றமிழைக்கப்பட்டவள் குற்றமில்லை என்று சொல்லிவிடுவது இரக்கமாகத் தோன்றலாம். மன்னிப்பதற்கு ஒன்றுமில்லை என்றால் மன்னிப்பும் இல்லை. கணவன் ஓடிப்போன பெண்ணிடம் சோல்வெய்க்கை முன்மாதிரியாகக் காட்டும் ஆயர், அவளுடைய நியாயமான முறையீட்டை அவள் வாய்திறக்குமுன் அடைத்துவிடுகிறார். முறையிடும் சங்கீதங்கள் நம் வேதாகமத்தில் இருக்கின்றன. சோல்வெய்க்கின் பாட்டில் அத்தகைய ஓரடியும் இல்லை.

இப்சன் இதை உணர்ந்தாரா என்பதற்கு அவருடைய பின்னாளைய நாடகம் ஒன்றே போதிய சான்று. 1879இல் 'பொம்மை வீடு' வெளிவந்தது. அதில் நோரா கதவைச் சாத்திவிட்டு வெளியேறுகிறாள். பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரே ஆசிரியர் கையில் வீடு, காக்கும் இடத்திலிருந்து விடவேண்டிய இடமாயிற்று. நோராவைப் பிரசங்க மேடையில் ஏற்றுவோர் மிகச் சிலர்.

பெயரின் புகழுக்கு நாடகத்தைவிட இசையே பெருங்காரணமாயிற்று. 1876 பிப்ரவரி 24ஆம் நாள் கிறிஸ்தியானியா நகரில், அதாவது இன்றைய ஒஸ்லோவில், இந்நாடகம் எட்வர்ட் கிரீக்கின் இசையோடு முதன்முறை அரங்கேறியது. பின்னர் கிரீக் அவ்விசையிலிருந்து தொகுத்த இரண்டாம் தொகுதி, இங்ரிட்டின் புலம்பலோடு தொடங்கிச் சோல்வெய்க்கின் பாட்டோடு முடிகிறது. வாத்தியங்கள் மட்டுமே இசைக்கும் அத்தொகுதியில் சொற்கள் இல்லை. கைவிடப்பட்ட இருவரில் ஒருத்தி புலம்புகிறாள், மற்றவள் பாடுகிறாள் என்பதே கேட்போருக்கு எஞ்சுவது. நார்வேயில் பெற்றோர் தம் பெண்மக்களுக்கு இப்பெயரை விரும்பி இடலாயினர். மெட்டு நினைவில் நின்றது, காட்சி மறைந்தது. 'சூரிய வழி' என்னும் பொருளும் அம்மெட்டுக்கு இசைவாகவே இருந்தது.

மறைந்த காட்சிகளுள் ஒன்று நாம் அன்று வாசித்திருக்கவேண்டியது. நான்காம் அங்கத்தின் நடுவே, பேர் பாலைவனத்தில் தீர்க்கதரிசி வேடம் போட்டு ஏமாந்தபின், நாடகம் சில வரிகளுக்கு மட்டும் நார்வேக்குத் திரும்புகிறது. வடக்கே ஒரு காட்டில் மரக்குடிசை. வெளியே வெயிலில் நடுவயதுப் பெண் ஒருத்தி நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். அவள் பாடுவதையே எல்லாரும் அறிவர். பாடும்போது அவள் ஆடுகளைக் கூப்பிடுகிறாள் என்பது மேடைக்குறிப்பில் இருக்கிறது.

அந்தத் தாயார் கேட்டதற்கு விடை அதுதான். ஆடுகள் வளர்த்து, நூல் நூற்று, சோல்வெய்க் தானே தனக்குச் சோறு போட்டுக்கொண்டாள்.